கேம்பர் வேனில் கூரையிலிருந்து சொட்டிய நீர்

பழைய டெம்போ டிராவலரில் படுக்கை போட்டு, சனிக்கிழமைகளில் வேலூரிலிருந்து குடும்பத்தோடு ஏலகிரிக்குக் கிளம்புவோம். 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் நல்ல குளிர். ஆனால் விடியற்காலையில் கூரைத் தகட்டிலிருந்து நீர் சொட்டும், போர்வையெல்லாம் ஈரம். மழையே இல்லாத இரவிலும்! எல்லாக் கண்ணாடியையும் அடைத்துப் படுத்தால், நாலு பேர் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகிவிடும்.

உள்கூரையைக் கழற்றி, தகட்டை நன்றாகத் துடைத்து, இடைவெளியே விடாமல் நைட்ரைல் ஃபோம் (ஈரம் உறிஞ்சாத ரப்பர் நுரைத் தாள்) ஒட்டினேன். அதற்குப் பதிலாகப் பஞ்சு வைத்துவிடாதீர்கள். ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருப்பிடிக்கச் செய்யும். அப்புறம் எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்து கொசுவலை மாட்டினோம். பாதி வேலையை அந்தக் காற்றோட்டமே செய்கிறது. வேலூர் வெயிலுக்கும் ஃபோம் நல்ல தடுப்பு.