நரம்பியல் ஆய்வாளரை எண்களால் எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வாளர்களின் வெளியீடுகளையும், அவற்றைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை எடுத்தாண்டன என்ற மேற்கோள் எண்ணிக்கைகளையும் தொகுத்து மதிப்பீட்டுக் குழுக்களுக்குக் கொடுப்பது என் வேலை. புதிதாக இதற்கு வருபவர்கள், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஆண்டைத் தப்பாகக் குறிப்பது, ஒரே கட்டுரையை இருமுறை எண்ணுவது போன்றவை யாரும் சொல்லாமலே சரியாகிவிடும். கீழே இருப்பவை அப்படிச் சரியாவதில்லை.

ஹெச்-இண்டெக்ஸ் வரிசையில் ஆட்களை நிறுத்துவது

இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த அளவு இது. தலா 20 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் ஒருவருக்கு 20 இருந்தால் அவருடைய ஹெச் 20. கணக்கு எளிது, விளைவு விபரீதம். ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் முறையே 900, 6, 5, 4, 3 மேற்கோள்கள் பெற்றிருந்தால் அவர் ஹெச் 4. இன்னொருவரின் ஐந்துக்கும் தலா 5 மேற்கோள்கள் என்றால் அவர் ஹெச் 5. 900 முறை எடுத்தாளப்பட்டவர் பட்டியலில் கீழே போய்விடுகிறார்.

நரம்பியலில் இது இன்னும் மோசம். விழித்திருக்கும் எலியின் மூளையில் மின்முனை பதித்து ஒற்றை நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்பவருக்கு, விலங்கைப் பழக்கவே மாதக்கணக்கில் ஆகும். ஒரு நல்ல கட்டுரை வெளிவரப் பல ஆண்டுகள் பிடிக்கலாம். பல மையங்கள் கூடி ஆயிரக்கணக்கானோரின் மூளை ஸ்கேன்களைத் திரட்டும் கூட்டாய்வில் இருப்பவரின் பெயரோ, நீண்ட ஆசிரியர் வரிசையில் ஒன்றாக ஒரே ஆண்டில் பல கட்டுரைகளில் இடம்பெறும். இருவரும் உழைப்பாளிகளே. இருவரின் ஹெச்சையும் அருகருகே வைத்தால் தெரிவது அவரவர் ஆய்வுமுறையின் வேகம்தான்.

ஒரு தேர்வுக் குழுவில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். எக்செல் அட்டவணையை ஹெச் வரிசைப்படி அடுக்கி, நடுவில் ஒரு கோடு போட்டு, கீழே இருந்தவர்களின் விண்ணப்பங்களைப் பிரிக்காமலே ஒதுக்கினார்கள். நினைவோடு தொடர்புடைய மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸின் நரம்பணுக்களைப் பதிவு செய்துவந்த பெண் ஆய்வாளர் ஒருவர் கோட்டுக்குக் கீழே இருந்தார். மேலே இருந்த ஒருவர் அவருடைய பகுப்பாய்வு முறையைப் பின்பற்றித்தான் தன் ஆய்வை நடத்தியிருந்தார். தன் கட்டுரையிலேயே அதைச் சொல்லியும் இருந்தார். நான் எடுத்துச் சொன்னபோது, "எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தானே" என்றார் தலைவர். அந்தப் பதில் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. நியாயத்தின் வேடத்தில் வரும் அநியாயம் அது.

இடத்தை உணரும் நரம்பணுக்களைப் பற்றி ஜான் ஓகீஃபும் ஜோனதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் 1971-ல் வெளியிட்டது ஒரு குறுங்கட்டுரை. அந்தக் கண்டுபிடிப்புக்காக ஓகீஃபுக்கு நோபல் பரிசு வந்தது 2014-ல். ஹெச்சின் கணக்கில் அந்தக் குறுங்கட்டுரையும் மற்றவற்றைப் போல ஒரு கட்டுரை, அவ்வளவே. ஒற்றை எண் ஒருவரைத் தோராயமாகத்தான் காட்டும் என்று ஹிர்ஷே எழுதியிருக்கிறார். அவருடைய அளவைப் பிடித்துக்கொண்டவர்கள் அந்த எச்சரிக்கையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஒப்பிட்டே ஆக வேண்டுமா? அதே உட்துறையில், ஏறக்குறைய அதே பணிக்காலம் உள்ளவர்களோடு ஒப்பிடுங்கள். அதற்கும் முன்பாக, தன் சிறந்த கட்டுரைகள் எவை என்று ஆய்வாளரையே கேட்டு, அவற்றைப் படியுங்கள்.

மேற்கோள் எல்லாவற்றையும் பாராட்டாக எண்ணுவது

எலிகளில் நினைவிழப்பை உண்டாக்குவதாகக் கூறி அமைலாய்டு என்ற புரதத்தின் ஒரு திரட்சியை அறிமுகப்படுத்திய கட்டுரை, 2006-ல் நேச்சர் இதழில் வந்தது. அல்சைமர் ஆய்வில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட முறை எடுத்தாளப்பட்டது. படங்களில் கைவைத்திருப்பது தெரியவந்து 2024-ல் அது திரும்பப் பெறப்பட்டது. பெற்ற மேற்கோள்கள் கணக்கில் அப்படியே நிற்கின்றன. ஆகவே பட்டியலின் உச்சியில் உள்ள கட்டுரைகளுக்குத் திரும்பப்பெறல் அறிவிப்பு உண்டா என்று தேடுங்கள். எடுத்தாண்ட கட்டுரைகள் சிலவற்றையும் திறந்து பாருங்கள். முன்னுரையில் பத்தோடு பதினொன்றாகப் பெயர் வருவதும், ஒரு முடிவை மறுக்க முழுப் பத்தி எழுதுவதும் எண்ணிக்கையில் ஒன்றுதான்.

இதழின் தாக்கக் காரணியைக் கட்டுரைக்குச் சூட்டுவது

வேண்டாம். அது இதழின் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களின் சராசரி; தனிக் கட்டுரை ஒன்றின் எண் அல்ல.

மீளாய்வுக் கட்டுரைகளைப் பரிசோதனைக் கட்டுரைகளோடு கூட்டுவது

பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்பவை மீளாய்வுக் கட்டுரைகள். தனித்தனியாகக் காட்டுங்கள்.

தரவுத்தளங்களைக் கலப்பது

கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும், இதழில் வரும் முன்பே இணையத்தில் வெளியிடப்படும் முன்அச்சுகளையும் சேர்த்து எண்ணுவதால், அதன் எண்ணிக்கை பெரும்பாலும் ஸ்கோபஸையும் வெப் ஆஃப் சயன்ஸையும் விட அதிகமாக இருக்கும். ஒரு விண்ணப்பதாரருக்கு இதிலிருந்தும் இன்னொருவருக்கு அதிலிருந்தும் எடுக்கக் கூடாது. எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரே பெயரும் முதலெழுத்தும் கொண்ட இருவரின் கட்டுரைகள் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பதும் உண்டு. ஆய்வாளரிடம், ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் (ORCID) எண் இருந்தால் அதைக் கொண்டு சரிபாருங்கள்; இல்லாவிட்டால் பட்டியலை அவருக்கே அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள்.