பழவேற்காட்டுக்கு ஒரு நாள் போய் வர

சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி போகிற மின்சார ரயிலைக் காலையிலேயே பிடித்து, பொன்னேரியில் இறங்கிப் பேருந்து ஏறுங்கள். வெயில் ஏறினால் ஏரிக்கரையில் ஒதுங்க நிழல் கிடையாது, தண்ணீர் பாட்டில் அவசியம்.

முதலில் படகுத்துறை. படகு சவாரிக்கு யாராவது கூப்பிட்டால் உடனே ஏறிவிடாதீர்கள், 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. கரையில் நின்று பார்க்கவே நிறைய இருக்கிறது. வலை பிரிக்கிறவரிடம் "அண்ணே, பாடுன்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் குடும்பம் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடலாம் என்று ஊரே முறைவைத்துப் பிரித்துக்கொள்கிற பழைய ஏற்பாடு அது. இங்கே டச்சுக்காரர்கள் விட்டுப்போன கோட்டையைவிட எனக்கு இதுதான் பெரிய பாரம்பரியமாகத் தெரிகிறது. ஆனால் வேலை நேரத்தில் கேமராவை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், கேட்டுவிட்டு எடுங்கள்.

அப்புறம் டச்சுக் கல்லறை. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைத் தவறவிடாதீர்கள். 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இப்போது புதர் மண்டிய மேடுதான், அதற்காகத் தனியாக அலைய வேண்டாம். இங்குள்ள முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பின்னும் பெட்டிகள் கிடைத்தால் வாங்குங்கள், பேரம் பேசாமல்.

பூநாரை பார்க்கவேண்டுமா? குளிர்காலத்தில் வாருங்கள், பைனாகுலரோடு.

இறாலை ஐஸ் பெட்டி இல்லாமல் வாங்கிவிட்டு ரயிலில் ஏறாதீர்கள். அனுபவம்.