வண்டு ஒரு மருந்து அல்ல: பார்த்தீனியத்தில் நாம் செய்யும் தவறுகள்

"ஏக்கருக்கு எத்தனை வண்டு விடணும், எத்தனை நாளில் காயும்?" பார்த்தீனியம் என்னும் களைச்செடியைத் தின்னும் மெக்சிகன் வண்டைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். இது களைக்கொல்லிக் கணக்கு. பாதித் தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

மெக்சிகோவிலிருந்து வரவழைத்து 1984-இல் பெங்களூருப் பகுதியில் விட்ட இந்த வண்டு, மழைக்காலத்து உயிர். மழை பெய்து செடி தளிர்க்கும்போது மண்ணிலிருந்து வெளியே வரும், இலையில் முட்டையிடும், புழுவும் வண்டும் சேர்ந்து இலையை மொட்டையாக்கும். மழை ஓய்ந்ததும் மண்ணுக்குள் இறங்கி உறங்கிவிடும். சித்திரை வெயிலில் கொண்டுபோய் விட்டால் அதற்குத் தின்னத் தளிரும் இருக்காது.

கூட்டுப்புழுவாவதும் மண்ணில்தான். அதனால் விட்ட இடத்தையே உழுதுவிட்டு, "வண்டைக் காணோமே" என்பதில் அர்த்தமில்லை. அடிக்கடி உழுது, களைவெட்டி, பூச்சிமருந்து அடிக்கும் பயிர் நிலம் இதற்குச் சரிப்படாது. தரிசு, ஏரிக்கரை, சாலையோரம் இவைதான் இதன் இடம். பயிருக்குள் இருப்பதைக் கையால்தான் பிடுங்க வேண்டும், அதுவும் பூப்பதற்கு முன்னால், கையுறை போட்டு. தோல் அரிப்பு வந்தால் லேசில் போகாது.

இலையைத் தின்றதும் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 விதைக்கு மேல் போடும். மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதையை வண்டு தொடாது. ஆகவே இரண்டு மூன்று மழைக்காலமாவது பொறுக்க வேண்டும்.

அப்புறம், எந்தப் பூச்சி எந்தக் களையைத் தின்னும் என்று பார்க்காமல் விடுவது இன்னொரு தவறு. சப்பாத்திக்கள்ளிக் கதை இதில் சுவையானது. சிவப்புச் சாயம் தரும் பூச்சி என்று எண்ணி 1795-இல் பிரேசிலிலிருந்து ஒன்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு இனம், சாயம் தேறவில்லை. ஆனால் ஒரு வகைக் கள்ளியை அது சாறு உறிஞ்சியே ஒழித்தது. தென்னிந்தியாவில் புதராக மண்டிக் கிடந்த இன்னொரு வகையிடம் அதன் பாச்சா பலிக்கவில்லை. அதற்கு 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வர வேண்டியிருந்தது. இரண்டும் கள்ளிதான், பார்வைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்!

காசு கொடுத்து வண்டு வாங்கும் முன், மழைக்குப் பிறகு பக்கத்துத் தரிசில் ஒரு நடை போய்ப் பாருங்கள். வெளிர் மஞ்சள் முதுகில் கருங்கோடுகளோடு இருந்தால் அதுதான். பல ஊர்களில் அது தானாகவே வந்து சேர்ந்திருக்கிறது.