ஒரு செய்தியை ஊடகக் கோட்பாடுகளின் துணையுடன் வாசிப்பது எப்படி?

"இது உண்மையா, பொய்யா" என்ற ஒற்றைக் கேள்வியோடு செய்தியை அணுகுவது போதாது. தகவல்கள் அனைத்தும் சரியாக இருந்தும் அவை சேர்ந்து தரும் சித்திரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். எது தேர்ந்தெடுக்கப்பட்டது, எப்படிச் சொல்லப்பட்டது, அதை நாம் எப்படி எடுத்துக்கொண்டோம் என்ற வரிசையில் கேட்பதே பயன் தரும்.

முதலில் தேர்வைக் கவனியுங்கள். 1968ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, ஊடக ஆய்வாளர்கள் மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸும் டொனால்டு ஷாவும் அந்நாட்டின் வட கரோலினா மாநிலத்துச் சேப்பல் ஹில் பகுதியில் யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்திராத 100 வாக்காளர்களிடம் ஆய்வு நடத்தினர். அவர்கள் முக்கியமெனக் கருதிய பிரச்சினைகளின் வரிசை, ஊடகங்கள் முதன்மை அளித்த வரிசையோடு பெரிதும் ஒத்திருந்தது. ஒத்திருப்பது மட்டுமே காரணத்தை நிறுவிவிடாது என்றாலும், எதைப் பற்றி மக்கள் சிந்திக்க வேண்டும் என்பதை ஊடகங்களின் தேர்வு வடிவமைக்கிறது என்னும் இந்த நிகழ்ச்சி நிரல் கோட்பாட்டுக்குப் பின்னர் வந்த ஆய்வுகள் பல வலுச் சேர்த்தன. நீங்கள் வழக்கமாக வாசிக்கும் நாளிதழின் முதல் பக்கத் தலைப்புகளை ஒரு வாரம் குறித்துவைத்து, வேறொரு நாளிதழோடு ஒப்பிட்டால், விடுபட்டவை தாமாகவே கண்ணில் படும்.

அடுத்தது சட்டகம், அதாவது செய்தி எந்தக் கோணத்தில் சொல்லப்படுகிறது என்பது; அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. ஒரு சட்டகம் எது பிரச்சினை, அதற்குக் காரணம் யார், அதை எப்படி மதிப்பிடுவது, தீர்வு என்ன என்பவற்றை வரையறுக்கிறது என்று ஊடக ஆய்வாளர் ராபர்ட் என்ட்மன் 1993இல் விளக்கினார். "தொழிற்சாலை விபத்தில் மூவர் உயிரிழந்தனர்" என்ற வாக்கியத்தையும், "பாதுகாப்புக் கருவியின்றி நிர்வாகம் வேலை வாங்கியதில் மூவர் உயிரிழந்தனர்" என்ற வாக்கியத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் எவருக்கும் பொறுப்பில்லை; இரண்டாவதில் பொறுப்பு நிர்வாகத்தின் மீது விழுகிறது. விசாரணை முடியும் முன் முதல் வடிவமே நேர்மையானதாக இருக்கலாம் என்பதால், பொறுப்பானவர் யார் என்ற குறிப்பு இல்லாததை உடனே சதியாகக் கருத வேண்டாம். உண்மை தெரிந்த பிறகும் அது இல்லாமலே இருக்கிறதா என்று பாருங்கள். செய்தி தனியொரு சம்பவத்தோடு நின்றுவிடுகிறதா, பின்னணியையும் பேசுகிறதா என்பதும் முக்கியம். வறுமையைத் தனிமனிதர் கதையாகக் காணும் பார்வையாளர்கள், அதற்கான பொறுப்பை அந்த மனிதர் மீதே சுமத்த முனைவதை அரசியல் தொடர்பியல் ஆய்வாளர் ஷாந்தோ ஐயங்காரின் ஆய்வுகள் காட்டின.

எல்லா ஊடகக் கோட்பாடுகளும் இந்த வேலைக்குப் பொருந்துவதில்லை. உதாரணமாக, மிகுதியாகத் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் உலகை மேலும் ஆபத்தானதாகக் கருதும் போக்கு உண்டு என்று ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் வாதிட்டார். இந்த விளைவு அளவில் சிறியது. ஒற்றைச் செய்தியை ஆராய இக்கோட்பாடு அதிகம் உதவாது.

கடைசியாக உங்கள் வாசிப்பையே ஆராயுங்கள். பார்வையாளர் ஒரு செய்தியை அப்படியே ஏற்கலாம், பகுதியளவு ஏற்றுத் தம் அனுபவத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், எதிர்த்தும் பொருள்கொள்ளலாம் என்று பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் எழுதினார். இவற்றுள் எதை, எந்த வரியில் நீங்கள் செய்தீர்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். ஊடகத்தின் தாக்கம் தம்மைவிடப் பிறர் மீதே அதிகம் என்று மனிதர் கருதுவதைச் சமூகவியலாளர் பிலிப்ஸ் டேவிசன் 1983இல் சுட்டிக்காட்டினார். எனவே அச்செய்தி பிறரை எப்படி மாற்றும் என்று ஒரு பத்தியிலும், உங்களை எப்படி மாற்றியது என்று அடுத்த பத்தியிலும் எழுதுங்கள். இரண்டாவது வெறுமையாக இருந்தால், தலைப்பிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்குங்கள்.