விமானி ஆகணுமா? முதலில் டேப்பை எடுங்கள்

விமானப்படைப் பறக்கும் பிரிவுக்கு ஏஎஃப்கேட் (விமானப்படை அதிகாரிகளுக்கான பொது நுழைவுத் தேர்வு) எழுத நினைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி தம்பி தங்கைகளே, விண்ணப்பிக்கும் முன் வீட்டிலேயே உடலளவு பார்த்துவிடுங்கள். தையல் டேப் போதும். சுவரில் முதுகும் இடுப்பும் ஒட்ட, தரையில் காலை நீட்டி உட்காருங்கள். சுவரிலிருந்து குதிகால் வரை கால் நீளம்: 99 முதல் 120 செ.மீ. அப்படியே தரையிலிருந்து உச்சந்தலை வரை 81.5 முதல் 96. அப்புறம் முழங்காலை மடக்கி ஸ்டூலில் உட்கார்ந்தால், சுவரிலிருந்து முழங்கால் முன்பக்கம் வரை 64-ஐத் தாண்டக் கூடாது. உயரம் குறைந்தது 162.5. மாலையில் அளந்து பாருங்கள், காலையைவிடச் சுமார் ஒரு செ.மீ. குறையும், அதிலும் தேறினால் நிம்மதி.

காக்பிட் (விமானி அறை) இருக்கையை ஓரளவுக்கு மேல் நகர்த்த முடியாது, எலும்பின் நீளத்தைப் பயிற்சியால் மாற்றவும் முடியாது. விமானப்படையின் மைசூரு தேர்வு வாரியத்தில் ஐந்து நாள் தேர்வு முடிந்து, மருத்துவப் பரிசோதனை வரை போய் உடலளவு சரியில்லை என்று திரும்புவது பெரிய வேதனை.

இந்த அளவுகள் பறக்கும் பிரிவுக்குத்தான். தரைப்பணிப் பிரிவுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை, உயர வரம்பும் குறைவு. விளிம்பில் நின்றால் நீங்களே ஒதுங்கிவிடாதீர்கள், இறுதி அளவு ராணுவ மருத்துவர் எடுப்பதுதான்.