மும்பையிலிருந்து புயலைப் பின்தொடர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரபிக் கடலில் ஒரு சுழல் வலுவடையத் தொடங்கியதும் மாட்டுங்கா, தாராவி, செம்பூர், முலுண்ட் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் குவியும். இவற்றைப் பகிர்வோரில் பலர் புயல் பார்க்கப் பழகியது வங்கக் கடலை வைத்து. சென்னைக் கணக்கை அப்படியே இங்கே போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

வட அரைக்கோளத்தில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. புயல் போகும் திசையை நோக்கி நின்றால், வலப்பக்கத்தில் சுழற்சியின் வேகமும் நகர்வின் வேகமும் சேர்ந்துகொள்ளும். இடப்பக்கத்தில் நகர்வு சுழற்சியைக் குறைக்கும். சென்னையை நோக்கி வரும் புயல் பெரும்பாலும் மேற்காக நகர்வதால் அதன் வலப்பக்கம் வடக்கு. புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறினால் சென்னைக்குக் கடற்காற்று முழு வலுவோடு வரும். 'நமக்குத் தெற்கே கடந்தால் ஆபத்து, வடக்கே போனால் தப்பித்தோம்' என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. மும்பையில் இது தலைகீழ்.

2020 ஜூன் 3 அன்று நிசர்கா புயல் வடகிழக்காக நகர்ந்து, அலிபாகுக்குத் தெற்கே ராய்கட் மாவட்டக் கரையில் ஏறியது. மும்பை அதன் இடப்பக்கத்தில் இருந்தது. காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் பக்கம் அது. நகரத்துக்குப் பெரிய அடி விழவில்லை. 2021 மே 17 அன்று டவ்தே புயல் கரைக்கு இணையாக வடக்கே ஏறிச் சென்று, அன்றிரவு டையூ – உனா இடையே குஜராத்தில் கரையைக் கடந்தது. அந்த இடம் மும்பையிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் கொலாபாவில் வேகக் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது, விமான நிலையம் மூடப்பட்டது, ஏராளமான மரங்கள் விழுந்தன, மும்பைக் கடலில் எண்ணெய்த் துறைப் பணியாளர்கள் தங்கியிருந்த பி-305 படகு மூழ்கி 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புயல் வடக்கே போகும்போது கொங்கண் கரை முழுவதும் வலப்பக்கம்தான். 'குஜராத்துக்குத்தானே போகிறது' என்று ஒரு குழுவில் யாராவது எழுதினால், உடனே கேட்க வேண்டியது: எத்தனை கிலோமீட்டர் தள்ளி, எந்தத் திசையில், நாம் எந்தப் பக்கம்?

எண்ணைப் பார்த்து மணியை விடுவது

வானிலைத் துறை அறிவிப்பு 11 மணிக்கு உங்கள் கைக்கு வந்தாலும் அதிலுள்ள மைய இடம் பெரும்பாலும் 8.30 மணிக்கானது. மணிக்கு 15 கிலோமீட்டர் நகரும் புயல் அதற்குள் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். செயற்கைக்கோள் படங்களில் உலகப் பொது நேரம் இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். 0600 என்றிருந்தால் நம் காலை 11.30. தூரத்தைச் சரிபார்க்க வரைபடத்தில் அட்சரேகை 1 பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போதும்.

காற்றின் வேகத்தில் குழப்பம் இன்னும் அதிகம். நம் வானிலைத் துறை சொல்வது 3 நிமிடச் சராசரி. அமெரிக்க ராணுவத்தின் ஜேடிடபிள்யூசி மையம் சொல்வது 1 நிமிடச் சராசரி. ஒரே புயலுக்கு அது பொதுவாகக் கூடுதலாகவே வரும். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டி 'இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு வலுத்துவிட்டது' என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. ஒரே மையத்தின் எண்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். வேகம் நாட் அளவில் (மணிக்கு எத்தனை கடல் மைல்) வந்தால் 1.852-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். சராசரி வேறு, இடையிடையே வரும் வேகக் காற்று வேறு. எதை எழுதுகிறோம் என்று சொல்லியே எழுத வேண்டும்.

வகைப்பாடு சராசரியை வைத்துத்தான்: மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை தாழ்வு மண்டலம், 50–61 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62–88 புயல், 89–117 தீவிரப் புயல், 118–166 மிகத் தீவிரப் புயல், 167–221 அதி தீவிரப் புயல், 222-ம் அதற்கு மேலும் சூப்பர் புயல். செய்தி ஊடகங்கள் 'மிக', 'அதி' இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதால், பெயரோடு எண்ணையும் சேர்த்து எழுதுவது நல்லது. 62-ஐத் தொட்டு வானிலைத் துறை அறிவித்த பிறகுதான் பெயர். பட்டியலில் அடுத்த பெயர் எது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதற்காகத் தாழ்வு மண்டலத்துக்கே பெயர் சூட்டிப் பரப்பினால் பீதிதான் மிஞ்சும்.

'வலுவடைகிறது' என்று அவசரப்படுவது

அதிகாலையில் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தில் சிவப்பும் கறுப்புமாக மேகம் பொங்குவதைப் பார்த்ததும் தீவிரமடைந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. கடல்மேல் இடிமேகங்கள் விடியலை ஒட்டி உயர வளர்வது அன்றாட வழக்கம். பகலில் அவை தளரும். முந்தைய நாள் அதே மணிப் படத்தோடு ஒப்பிடுங்கள். மையம் மேகத் திரளுக்கு நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் வெறுமையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரத்தில் தெரிந்தால் மேலடுக்குக் காற்று திரளைத் தள்ளிக்கொண்டு போகிறது, அதாவது காற்று முறிவு (உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமோ திசையோ மாறுவது) கூடுதல். கடல் வெப்பம் 26.5 பாகை செல்சியஸுக்கு மேல் இருப்பது மட்டும் போதாது. காற்று முறிவு, வெப்ப நீரின் ஆழம், அரேபியப் பக்கமிருந்து உள்ளே புகும் வறண்ட காற்று ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மறுபக்கம், நிஜமாகவே வேகமாக வலுக்கும் புயல்கள் உண்டு. 24 மணி நேரத்தில் 30 நாட், அதாவது 55 கிலோமீட்டர் அளவுக்குக் கூடினால் அதுவே அதிவேகத் தீவிரமாதல். ஒக்கி 2017 நவம்பர் 29 காலை தாழ்வு மண்டலம், மறுநாள் காலை குமரிக் கடலில் புயல். கடலுக்குள் போயிருந்த மீனவர்களுக்கு என்ன ஆனது என்று குமரி மாவட்டக் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே ஒக்கி டிசம்பர் 5 அன்று மும்பையை நனைத்து, குஜராத் கரைக்கு அருகே போவதற்குள் வலுவிழந்தது. ஆகவே இந்தக் கட்டத்தில் நேற்றைய அறிவிப்பை வைத்து இன்று பேசக் கூடாது. புயல் நிலையில் அறிவிப்பு 3 மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறது.

பாதைப் படத்தில் விரியும் கூம்பு, மையம் எங்கே போகக்கூடும் என்பதற்கான பிழை எல்லை. அது புயலின் அகலம் அல்ல. நிசர்காவுக்கு முதலில் சொல்லப்பட்ட கரை ஹரிஹரேஷ்வருக்கும் டாமனுக்கும் இடைப்பட்டது. ஏறக்குறைய 270 கிலோமீட்டர். விண்டி செயலியில் ஐந்து நாள் கழித்து மும்பை மேல் தெரியும் ஒற்றைச் சுழலைப் படமெடுத்துப் பரப்புவது இதைவிட மோசம். ஐரோப்பிய வானிலை மாடலின் தொகுப்புக் கணிப்பில் (தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல முறை கணிப்பது) 51 பாதைகள் உண்டு. அவை ஒன்றுகூடி நிற்கின்றனவா, ஓமனுக்கும் குஜராத்துக்குமாகச் சிதறுகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வீட்டுக் கருவிகள்

வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் காலை 10, இரவு 10 வாக்கில் உச்சத்துக்கு ஏறி, அதிகாலை 4, மாலை 4 வாக்கில் இறங்கும். வித்தியாசம் சுமார் 3 மில்லிபார் இருக்கும். கைபேசி பாரோமீட்டர் மாலையில் இறங்குவதைப் புயலின் வேலை என்று நினைப்பவர்கள் இதை மறக்கிறார்கள். நேற்று இதே மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். உயரமும் கணக்கில் வரும்: 8.5 மீட்டருக்கு 1 மில்லிபார் குறையும். 20-வது மாடியில், சுமார் 60 மீட்டர் உயரத்தில், 7 மில்லிபார் குறைத்தே காட்டும். கடல் மட்டத்துக்குத் திருத்தாமல் அந்த எண்ணை வெளியிடாதீர்கள்.

மழைமானி செய்ய 20 செ.மீ. விட்டமுள்ள புனல் வைத்தால் அதன் வாய்ப்பரப்பு 314 சதுர செ.மீ. சேர்ந்த நீரை மில்லிலிட்டரில் அளந்து, 10-ஆல் பெருக்கி, பரப்பால் வகுத்தால் மில்லிமீட்டர் வரும். 31.4 மில்லிலிட்டர் என்றால் 1 மி.மீ. இங்கே பலர் சறுக்குவது புனலுக்கு அடியில் வைக்கும் பாட்டிலில். 2 லிட்டர் பாட்டில் 64 மி.மீ.யில் நிரம்பி வழிந்துவிடும். 204.4 மி.மீ.க்கு மேல் பெய்யும் அதி கனமழை நாளுக்கு ஆறரை லிட்டராவது பிடிக்கும் பாத்திரம் வேண்டும், அல்லது மணி குறித்துக்கொண்டு இடையிடையே காலி செய்ய வேண்டும். கணக்கு நாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. சுவரிலிருந்து அதன் உயரத்தைப் போல இரு மடங்கு தள்ளி வையுங்கள். பால்கனியில் அளந்தது மழை அளவே அல்ல.

உங்கள் அளவை ஊருக்கே பொதுவாக்கவும் கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ., கொலாபாவில் 73 மி.மீ. மட்டுமே. அன்று புயலும் இல்லை.

ரேடாரில் வெறுமையாகத் தெரிவதை மழை இல்லை என்று படிக்காதீர்கள். கொலாபா, வெராவலி ரேடார்களின் கதிர் அரைப் பாகை சாய்வில் கிளம்பினாலும், 200 கிலோமீட்டர் தொலைவில் அது 4 கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். அதற்குக் கீழே நடப்பது தெரியாது.

கடல் ஏற்றம்

மாட்டுங்காவின் தாழ்வான பகுதியான கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்குமா என்பதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. மாநகராட்சி வெளியிடும் ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையில் 4.5 மீட்டரைத் தாண்டும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வடிகால் வாய்களில் கடல் ஏறி நிற்பதால் மழைநீர் வெளியேற வழியில்லை. புயல் தள்ளும் நீர் அந்த உயரத்துக்கு மேல் கூடுதலாகச் சேரும். அட்டவணையில் அது இருக்காது.

படமெடுக்க மரைன் டிரைவ், பாண்ட்ஸ்டாண்ட், ஜுஹு போவதை மட்டும் கைவிடுங்கள். 2023 ஜூன் 12 அன்று ஜுஹுவில் சிறுவர்கள் கடலில் மூழ்கியபோது பிபர்ஜாய் புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தது. கரையைக் கடந்தது 15-ஆம் தேதி, கட்ச்சின் ஜக்காவ் துறைமுகம் அருகே. தொலைவுப் புயலின் பேரலைகள் காற்றும் மழையும் இல்லாத வேளையிலும் வந்து சேரும், புயல் கரையேறிய பின்னும் உடனே அடங்காது. தகரக் கூரை உள்ள பகுதிகளில் மாடிக்கும் ஏற வேண்டாம். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றில் பிய்ந்து வரும் தகடு ஆளை வெட்டிவிடும்.