சக எழுத்தாளரின் நூலுக்கு மதிப்புரை எழுதும் முன்

இதழிலிருந்து மதிப்புரைக்கென ஒரு நூல் வந்து சேர்ந்ததும், முதலில் அதன் நன்றிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே உங்கள் பெயர் இருந்தால் நூலைத் திருப்பி அனுப்பிவிடுவதே முறை. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் நாவலைப் பாராட்டி நான்கு பத்திகள் எழுதினேன். கையெழுத்துப் படியைப் படித்துத் திருத்தம் சொன்னவர்களின் வரிசையில் என் பெயரும் மூன்றாம் வரியில் அச்சாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அடுத்த இதழில் வெளியான வாசகர் கடிதம் பக்க எண்ணோடு அதைச் சுட்டிக்காட்டியது. என் பாராட்டு உண்மையானதுதான். ஆனால் அதன் பிறகு அதை யார் நம்புவார்கள்?

வேண்டியவர்கள் எழுதுவதற்கு நம் மரபில் தனி இடம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலின் முகப்பில் அதை அறிமுகப்படுத்தும் சிறப்புப்பாயிரம் செய்வதற்கு உரியவர்களாகத் தன்னாசிரியன், தன்னொடு கற்றோன், தன் மாணாக்கன், தகும் உரைகாரன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. நால்வருமே நூலாசிரியருக்கோ நூலுக்கோ நெருக்கமானவர்கள். இன்றைய அணிந்துரை அந்தப் பாயிரத்தின் வழியில் வருவது; நூலுக்குள்ளேயே இடம்பெறுவதால் அதில் பரிவு கலந்திருக்கும் என்பது வாசகருக்குத் தெரியும். மதிப்புரையோ, கடையில் நின்று இந்த நூலை வாங்கலாமா என்று யோசிப்பவருக்காக எழுதப்படுவது. ஆகவே அணிந்துரையோ பின்னட்டை வாசகமோ தந்தவர் அதே நூலுக்கு மதிப்புரை எழுதலாகாது. அணிந்துரையில் இரண்டு பத்திகளை நறுக்கி இதழுக்கு அனுப்பும் வழக்கம் எவ்வளவு பரவியிருந்தாலும் தவறுதான்.

தமிழ் எழுத்துலகில் ஒருவரையொருவர் அறியாதவர்கள் குறைவு என்பதால், அறிமுகம் உள்ளவரின் நூலைத் தொடவே கூடாது என்று விதித்தால் மதிப்புரை எழுத ஆளே கிடைக்காது. எழுத ஒப்புக்கொண்டால், உறவை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்: 'எங்கள் இருவரின் நூல்களையும் ஒரே பதிப்பகம் வெளியிடுகிறது, இவருடைய முந்தைய தொகுப்பின் வெளியீட்டு விழாவில் நான் பேசியிருக்கிறேன்.' இந்த ஒரு வாக்கியம் போதும். பகை இருந்தால் சொல்லிவிட்டு எழுதுவதும் சரிவராது, விலகிவிட வேண்டும். அதே பொருளில் உங்கள் நூலும் அச்சில் இருந்தால் அப்போதும் விலகுங்கள்.

மொய் நோட்டு மனப்பான்மை இன்னொரு தொல்லை. அவர் என் கவிதைத் தொகுப்பைப் பாராட்டினார், நான் அவருடைய சிறுகதைகளைப் பாராட்டியாக வேண்டும் என்ற கணக்கு, கல்யாண வீட்டில் வைத்த மொய்யைத் திருப்பிச் செய்வது போன்றது. உங்கள் நூலை அண்மையில் மதிப்பிட்டவரின் நூல் வந்தால், வேறொருவரிடம் கொடுக்கும்படி இதழாசிரியரிடம் கேளுங்கள்.

எழுத்தாளர்களுக்கே உரிய நோய் ஒன்று உண்டு: தாம் எழுதியிருக்கக்கூடிய நூலை மனத்தில் வைத்துக்கொண்டு, கையிலிருக்கும் நூலை அளப்பது. குறுநாவலில் 'கிராமத்தின் முழு வரலாறும் இல்லை' என்று குறைகாணும் முன், அவர் அதைச் சொல்ல முயன்றாரா என்று பாருங்கள். முயன்றது எது, அதில் எங்கே தடுமாறினார் என்று பக்க எண்ணோடு மேற்கோள் காட்டி எழுதினால், கடுமையான கருத்தையும் வாசகர் தாமே சரிபார்த்துக்கொள்ள முடியும். 'மண்ணின் மணம் கமழ்கிறது' என்பதை எந்த நூலுக்கும் எழுதலாம். ஆகவே எதற்கும் எழுத வேண்டாம். கடைசிப் பக்கம் வரை படிக்காமல் எழுதுவது பற்றிப் பேசவே தேவையில்லை.

பெயரை மறைத்து எழுதாதீர்கள். பிரிட்டன் வரலாற்றாசிரியர் ஆர்லாண்டோ ஃபைஜஸ், அமேசானில் பெயர் மறைத்துப் பிறர் நூல்களைத் தாழ்த்தியும் தம் நூலைப் புகழ்ந்தும் எழுதியதை 2010இல் ஒப்புக்கொண்டார்; மன்னிப்புக் கேட்டதோடு இழப்பீடும் கொடுக்க நேர்ந்தது.

எழுதி முடித்ததை அச்சாகும் முன் நூலாசிரியருக்கு அனுப்பாதீர்கள். வெளியான பின் அவர் தொலைபேசியில் அழைத்தால் பொறுமையாகக் கேளுங்கள். பாத்திரம் பேசியதை ஆசிரியரின் கருத்தாக எழுதிவிட்டீர்கள் என்று காட்டினால், அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடச் சொல்லுங்கள்; நாவல் சலிப்பூட்டுகிறது என்றதற்காக வருந்தினால், அந்த வரியை அப்படியே விட்டுவிடுங்கள்.